இருபத்தொன்பது கார்பன்

முட்டைகோசின் வெளி இலை ஒன்றை உரித்துக் குழாயடியில் பிடித்தால் தண்ணீர் இலையில் ஒட்டுவதில்லை. உருண்டு திரண்டு ஓடிவிடுகிறது. விரலால் இலையை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டால், தேய்த்த இடம் மட்டும் நனைகிறது. இலையின்மேல் இருந்த சாம்பல் பூச்சு அங்கே கலைந்துபோய், அடியிலிருக்கும் பச்சை பளபளவென்று தெரிகிறது. விரலில் வந்ததைப் பூச்சிமருந்து என்று நினைத்துப் பலர் முகம் சுளிப்பார்கள். பூச்சிமருந்துக்கு அப்படியொரு படலமாக நிற்கும் அளவே கிடையாது. அது கோசு தானே செய்து தன்மேல் பூசிக்கொண்ட மெழுகு. அந்த மெழுகின் முக்கியமான கூறு நோனகோசேன் என்ற ஆல்கேன்.

29 கார்பன் அணுக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி 60 ஹைட்ரஜன் அணுக்கள். கிளை இல்லை, வளையம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. சங்கிலியின் நீளம் மூன்றரை நானோமீட்டருக்குச் சற்று மேல். தண்ணீரில் கரையாது, மணமோ சுவையோ கிடையாது, ஏறத்தாழ 64 டிகிரி செல்சியஸில் உருகும். வேதியியல் பாடத்தில் ஆல்கேன்களை மந்தமானவை என்று சொல்லி ஒரே பக்கத்தில் முடித்துவிடுவார்கள். கோசு இலையில் மட்டுமல்ல, பிராக்கோலியிலும் காலிஃப்ளவர் இலையிலும் ஆப்பிள் தோலிலும் இதுவே இருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயிலும் தேன்மெழுகிலும் சிறிய அளவில் கலந்திருக்கிறது. நாம் தினமும் தின்னும் பொருள்தான். ஆனால் அதில் என்னை ஈர்ப்பது அந்த 29 என்ற எண். ஏன் 28 இல்லை, ஏன் 30 இல்லை? தாவர மெழுகைப் பிரித்துப் பார்த்தால் 27, 29, 31, 33 என்று ஒற்றைப்படை ஆல்கேன்களே குவிந்திருக்கும். இரட்டைப்படைகள் பேருக்குத்தான் இருக்கும். அந்த ஒற்றைப்படைக்குக் காரணம் தேடிய கதை பல பத்தாண்டுகள் நீண்டது.

1920களின் இறுதியில் லண்டனில் ஆல்பர்ட் சார்லஸ் சிப்னால் இலைகளின் புரதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். புரதத்துக்காக அரைத்த கோசு இலையிலிருந்து ஈதரில் கரையும் பகுதி தனியே வந்தது. பலர் அதைக் கொட்டியிருப்பார்கள். சிப்னாலும் அவருடன் ஆய்வு செய்த சானனும் அதையும் பிரித்துப் பார்த்து, 1929இல் இரண்டு பொருள்களை அறிவித்தார்கள். ஒன்று நோனகோசேன். மற்றொன்று அதே 29 கார்பன் சங்கிலியில், சரியாக நடுவிலிருக்கும் பதினைந்தாவது கார்பனில் ஓர் ஆக்சிஜன் ஏறிய கீட்டோன். அந்த ஆக்சிஜனுக்கு இந்தப் பக்கம் 14 கார்பன், அந்தப் பக்கம் 14 கார்பன்.

இப்படி ஒரு சமச்சீர் கண்ணில் பட்டால் விளக்கம் தானாக வந்து நிற்கும். 15 கார்பன் உள்ள இரண்டு கொழுப்பு அமிலங்கள் தலையோடு தலை ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டும்போது ஒரு கார்பன், கார்பன் டைஆக்சைடாகக் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது நடுவில் ஆக்சிஜன் உள்ள 29 கார்பன் கீட்டோன். அந்த ஆக்சிஜனும் போனால் நோனகோசேன். கணக்கும் பொருந்துகிறது, வடிவமும் பொருந்துகிறது. ஆனால் தாவரங்களின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் 16, 18 என்று இரட்டைப்படையில் இருப்பவை. 15 கார்பன் அமிலம் அரிது. அழகான விளக்கத்துக்கு வேண்டிய மூலப்பொருளே செடியிடம் போதிய அளவு இல்லை.

மெழுகில் இருப்பது ஒரே பொருளா, பல பொருள்களின் கலவையா என்று தெரிந்துகொள்வதே அந்தக் காலத்தில் பெரும்பாடு. அடுத்தடுத்த நீளமுள்ள சங்கிலிகள் ஒன்றாகப் படிகமாகிவிடும். உருகுநிலையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. பிரிஸ்டலைச் சேர்ந்த பைப்பர் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் படிக அடுக்குகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார். ஆய்வுக்கூடத்தில் செய்த சுத்தமான சங்கிலிகளின் அளவோடு அவற்றை ஒப்பிட்டார்கள். தாவரங்களிலிருந்து எடுத்த தனிப்பொருள் என்று முன்பு பெயர் சூட்டியிருந்த பல ஆல்கேன்கள் கலவைகள் என்பது 1930களில் அப்படித்தான் வெளிப்பட்டது. கலவையில் இருந்தவையும் ஒற்றைப்படைகளே.

விடை 1960களில் வந்தது. கண்டுபிடித்தவர் கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியலர் பாப்பச்சன் கோலாட்டுக்குடி. பிராக்கோலி இலைகளுக்குக் கதிரியக்கக் கார்பன் சேர்த்த கொழுப்பு அமிலங்களைக் கொடுத்து, அந்தக் கார்பன் எங்கே போய்ச் சேருகிறது என்று பின்தொடர்ந்தார். தலையோடு தலை ஒட்டும் கதை அங்கே உடைந்தது. 16 கார்பன் அமிலம் முழுசாகவே சங்கிலிக்குள் நுழைந்து, அங்கிருந்து வளர்ந்தது. பூக்கட்டுகிறவர் இரண்டிரண்டு பூவாக வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போவதுபோல, செடியின் நொதிகள் இரண்டிரண்டு கார்பனாகச் சேர்த்துக்கொண்டே போகின்றன: 18, 20, 22 என்று 30 வரை. கடைசியில் நுனியிலுள்ள ஒரு கார்பன் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது 29. இரட்டையாக வளர்ந்து ஒன்றை இழப்பதால்தான் ஒற்றைப்படை.

கீட்டோனின் இடமும் அந்த ஆராய்ச்சியில் தலைகீழானது. கதிரியக்க நோனகோசேனை இலைக்குக் கொடுத்தபோது அது ஆல்கஹாலாகி, பிறகு கீட்டோனாக மாறியது. கீட்டோனிலிருந்து நோனகோசேன் வரவில்லை. நோனகோசேன்தான் முதலில், கீட்டோன் பிறகு. சிப்னாலின் கண்ணைக் கவர்ந்த சமச்சீருக்குக் காரணம் இரண்டு பாதிகள் ஒட்டியது அல்ல. ஒரே மாதிரியான 29 கார்பன்களின் வரிசையில் நடுக்கார்பனைத் தேடிப்பிடித்து ஆக்சிஜனை ஏற்றும் நொதி ஒன்று செடியில் இருக்கிறது. கடுகின் சிறிய உறவுக்காரச் செடியான அராபிடாப்சிஸில் அந்த நொதியை 2007இல் அடையாளம் கண்டார்கள். எந்த அடையாளமும் இல்லாத வழவழப்பான சங்கிலியில் நடுவை அது எப்படிக் கண்டுகொள்கிறது என்பது, உயிர்வேதியியலில் நான் திரும்பத் திரும்ப நினைத்து வியக்கும் கேள்விகளில் ஒன்று.

கார்பனைக் கழற்றும் வேலையைச் செய்பவை எவை என்பதும் அதே அராபிடாப்சிஸில்தான் தெரிந்தது. மெழுகில்லாமல் பளபளவென்று முளைத்த பிறழ்வுச் செடிகளிலிருந்து செர்1, செர்3 என்ற மரபணுக்கள் கிடைத்தன. 2012இல் பிரான்சின் போர்தோ நகரில் ஜெரோம் ஜுபேயின் குழு இந்த இரண்டையும் துணை நொதிகளோடு ஈஸ்டுக்குள் புகுத்தியது. இயல்பாக இத்தகைய ஆல்கேனைச் செய்யத் தெரியாத ஈஸ்ட் அதன்பின் நோனகோசேன் செய்தது.

செடிக்கு இவ்வளவு பாடு எதற்கு? தண்ணீரைக் காப்பாற்றத்தான். இலைத்துளைகள் மூடியிருக்கும் வேளையில் உள்ளிருக்கும் ஈரம் புறத்தோல் வழியாகக் கசியாமல் தடுப்பது மெழுகு. வறட்சி வந்தால் பல செடிகள் மெழுகைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அதிலும் ஆல்கேனின் பங்கு ஏறுகிறது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தள்ளுவது இன்னொரு வேலை. இங்கே மெழுகு மட்டும் போதாது. வழுவழுப்பான மெழுகுப் பரப்பில் நீர்த்துளி ஏறத்தாழ 105 முதல் 110 டிகிரி கோணத்தில் நிற்கும். தாமரை இலையில் அந்தக் கோணம் 160 டிகிரியைத் தொடும். வித்தியாசம் கரடுமுரடில் இருக்கிறது. மெழுகு நுண்ணிய குழாய்களாகவும் தகடுகளாகவும் படிகமாகி நிற்க, துளி அவற்றின் நுனிகளில் மட்டும் பட்டு, அடியில் காற்றோடு உருள்கிறது. உருளும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. 1997இல் ஜெர்மனியின் பார்ட்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் இதை நிறுவிய ஆய்வில் தாமரையும் சேம்பும் மட்டுமல்ல, கோசு இலையும் சோதனைக்கு உட்பட்டது. தாமரையின் மெழுகுக் குழாய்களும் நோனகோசேனின் நெருங்கிய உறவுகளால் ஆனவை. அதே 29 கார்பன் சங்கிலி, பத்தாவது கார்பனில் ஓர் ஆல்கஹால் ஏறியிருக்கும்.

இந்த மெழுகை நன்றாக அறிந்தவர் கோசு பயிரிடும் விவசாயி. மருந்தைத் தண்ணீரில் கரைத்து வெறுமனே தெளித்தால் அது இலையில் நிற்காமல் மண்ணில் விழுந்துவிடும். அதனால்தான் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தாலும் லிட்டருக்குச் சில சொட்டு காதி சோப்புக் கரைசலோ டீப்பால் என்ற ஒட்டுத்திரவமோ சேர்க்கச் சொல்கிறார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட மருந்துகளில் கொழுப்பில் கரையக்கூடியவை மெழுகிலேயே தங்கிவிடுகின்றன. சாதாரணத் தண்ணீரில் அலசினால் முழுதும் வராது. கோசின் வெளி இலைகளை இரண்டு மூன்று அடுக்கு உரித்துப் போடும் பழக்கம் இந்த வகையில் மிகச் சரியானது. மருந்து பட்ட மெழுகு அந்த இலைகளோடு போய்விடுகிறது.

மெழுகு குறைந்த கோசு இருந்தால் தொல்லை தீருமே என்று தோன்றும். அப்படிப்பட்ட வகைகள் உண்டு. சாம்பல் பூக்காமல் பளபளக்கும். அமெரிக்காவில் ஐகன்பிராட், ஷெல்டன் முதலியோர் அவற்றைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். கோசு விவசாயியின் பெரிய எதிரியான வைரமுதுகு அந்துப்பூச்சியின் புதிதாகப் பொரித்த புழுக்கள் பளபள இலையில் ஓரிடத்தில் உட்கார்ந்து தின்பதில்லை. அலைந்துகொண்டே இருந்து பல மடிகின்றன. புழுக்களை வேட்டையாடும் பூச்சிகளுக்கோ மெழுகு இலையில் கால் வழுக்குகிறது, பளபள இலையில் நன்றாகப் பிடி கிடைக்கிறது. ஆக இரட்டை லாபம். ஆனால் அதே பளபள இலையைத் தெள்ளுவண்டுகள் விரும்பித் தின்கின்றன. மெழுகைக் களைந்தால் ஓர் எதிரி போய் இன்னோர் எதிரி வருகிறது. பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரே தீர்வில் எல்லாம் முடியும் என்று சொல்லும்போது இந்தக் கோசை நினைத்துக்கொள்வது நல்லது.

இலை உதிர்ந்து மக்கினாலும் மெழுகு எளிதில் மக்குவதில்லை. மண்ணோடு ஆற்றில் கலந்து கடலடியில் படிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. 1967இல் ஜெஃப்ரி எக்லிண்டனும் ஹாமில்டனும் இலை மெழுகுகளின் வேதியியலைத் தொகுத்து எழுதிய கட்டுரை, சேற்றில் இந்த மூலக்கூறுகளைத் தேடும் ஒரு தலைமுறைக்கே அடித்தளமாக அமைந்தது. தரைத் தாவரத்திலிருந்து வந்ததற்கு அடையாளம் அந்த ஒற்றைப்படை ஆதிக்கம். அதற்குமேல் கார்பன் ஐசோடோப்பும் பேசுகிறது. மரங்களும் நெல்லும் ஒரு வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. சோளம், கம்பு, கேழ்வரகு, வெப்பநிலப் புற்களில் பல, வேறு வகை. வறட்சியை நன்றாகத் தாங்கும் இந்த இரண்டாவது வகையின் மெழுகில் கார்பன்-13 என்ற ஐசோடோப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். கோதாவரி கடலில் சேரும் இடத்துக்கு வெளியே, வங்காள விரிகுடாவின் அடியிலிருந்து எடுத்த படிவில் இலை மெழுகுகளை இப்படி அளந்து, பொன்டோன், ஜியோசான் குழுவினர் 2012இல் ஒரு வரலாற்றை வெளியிட்டார்கள். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,700 ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த ஆற்றுப்படுகையில் வறட்சி தாங்கும் தாவரங்கள் படிப்படியாகப் பெருகியிருக்கின்றன. தக்காணம் காய்ந்த கதையை இலைகள் விட்டுச்சென்ற மெழுகு சொல்கிறது.

சரி, வயிற்றுக்குள் போனால் என்ன ஆகிறது? ஆல்கேன் சங்கிலி நீள நீளக் குடல் அதை உறிஞ்சுவது குறைகிறது. நோனகோசேன் போன்ற நீண்ட சங்கிலிகளின் பெரும்பகுதி வந்த வழியே வெளியேறிவிடும். உறிஞ்சப்படும் சிறு பகுதியைக் கல்லீரல் நொதிகள் நுனியில் ஆக்சிஜன் ஏற்றிக் கொழுப்பு அமிலமாக்கிவிடுகின்றன. இந்தச் செரியாத தன்மையைக் கால்நடை ஆராய்ச்சியாளர்கள் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். மேய்ச்சல் ஆடு ஒரு நாளில் எவ்வளவு புல் தின்றது என்று அளப்பது கடினம். பின்னாலேயே போய் எடைபோட முடியாது. 1986இல் மேயஸ், லாம்ப், கோல்குரோவ் மூவரும் ஒரு முறையைச் சொன்னார்கள். புல்லின் மெழுகில் 33 கார்பன் ஆல்கேன் உண்டு. 32 கார்பன் ஆல்கேன் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே தெரிந்த அளவு 32ஐ ஆட்டுக்குத் தினமும் கொடுத்துவிடலாம். நீளம் ஒத்த இரண்டும் குடலில் ஒரே விகிதத்தில் இழப்பாகும். புழுக்கையில் 33க்கும் 32க்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், தின்ற புல்லின் அளவு கணக்கில் வந்துவிடும். இயற்கை இரட்டைப்படையைக் காலியாக விட்டு வைத்ததால் மட்டுமே இது சாத்தியமானது.

இனி ஆப்பிள். கத்தியால் ஆப்பிள் தோலைச் சுரண்டி, வெள்ளையாக வரும் துகளைக் காட்டி "பாருங்கள், மெழுகுவர்த்தி மெழுகு" என்று பதறவைக்கும் காணொளிகள் நம் கைபேசிகளில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆப்பிளுக்குச் சொந்த மெழுகு உண்டு. அதிலுள்ள ஆல்கேனில் மிகப் பெரும்பங்கு நோனகோசேன்தான். சுரண்டினால் அதுவும் வெள்ளையாகத்தான் வரும். பறித்த பழத்தைக் கழுவும்போது இந்த மெழுகில் கொஞ்சம் போய்விடுவதால், பழம் வாடாமல் இருக்க வியாபாரிகள் மேலே வேறு மெழுகு பூசுவதும் உண்மை. தேன்மெழுகு, பிரேசில் பனையிலிருந்து வரும் கார்னாபா மெழுகு, அரக்கு ஆகியவற்றை நம் உணவுப் பாதுகாப்பு விதிகள் அனுமதிக்கின்றன. பூசியிருந்தால் லேபிளில் சொல்லவேண்டும். சொல்லாமல் விற்பதைக் கேட்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. ஆனால் சுரண்டிப் பார்த்து மூலத்தைச் சொல்ல யாராலும் முடியாது. மெழுகுவர்த்தியின் பாரஃபினிலும் நோனகோசேன் இருக்கிறது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். கோசில் இருப்பதும் மெழுகுவர்த்தியில் இருப்பதும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. பெட்ரோலியத்திலிருந்து வந்ததால் அந்த ஒரு மூலக்கூறு நஞ்சாகிவிடாது. இலையிலிருந்து வந்ததால் அமுதமாகிவிடாது.

வித்தியாசம் அதன் கூட்டாளிகளில் தெரியும். பூமிக்கடியில் நெடுங்கால வெப்பத்தில் சங்கிலிகள் கண்ட கண்ட இடத்தில் அறுந்து உருவானது பெட்ரோலியம். அதில் 28, 29, 30 எல்லாம் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும். கிளைவிட்டவையும் வளையமானவையும் ஆயிரக்கணக்கில் கலந்திருக்கும். இலை மெழுகை, மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால் 27, 29, 31 என்று தனித்தனி ஊசிக் கோபுரங்கள் எழும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயைச் செலுத்தினால் பிரித்தறிய முடியாத ஒரு பெரிய மேடு மட்டும் எழும்.

அந்த மேட்டை உணவில் தேடிப்பிடித்தவர் சூரிச் மாநில உணவு ஆய்வுக்கூடத்தின் கோன்ராட் குரோப். 1990களின் தொடக்கத்தில் சணல் சாக்குகளில் வந்த உணவுப்பொருள்களில் கனிம எண்ணெய் இறங்கியிருப்பதை அவர் குழு காட்டியது. சணல் நாரை நூற்கும்போது இளக்குவதற்காக ஆலைகளில் கனிம எண்ணெய் தடவுவது வழக்கம். அது சாக்கிலிருந்து கோகோவுக்கும் கொட்டைகளுக்கும் போனது. இதன் பின்விளைவாக 1998இல் உணவுக்கான சணல் பைகளுக்குத் தனித் தரக்கட்டுப்பாடு வந்தது. தவிட்டு எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2008இல் உக்ரைனிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சூரியகாந்தி எண்ணெயில் கனிம எண்ணெய் கலந்திருந்தது பிடிபட்டதும் இதே வகைச் சோதனையில்தான். கனிம எண்ணெய்க் கலப்பில் உண்மையான கவலை நேர்ச்சங்கிலிகளைப் பற்றியது அல்ல. மூன்றும் அதற்கு மேலும் வளையங்கள் கொண்ட நறுமண ஹைட்ரோகார்பன்கள் மரபுப்பொருளைச் சேதப்படுத்தலாம் என்பதே அச்சம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே சொன்னது. பூரித வகைகள் இன்றைய அளவில் உடல்நலக் கவலை தரவில்லை; நறுமண வகை பற்றிய கவலையை ஒதுக்கிவிட முடியாது.

இந்தச் சோதனையில் கோசும் சூரியகாந்தியும் ஆய்வாளருக்குத் தொல்லை தருவதும் உண்டு. தாவரத்தின் சொந்த ஆல்கேன்கள் அவ்வளவு மிகுதியாக இருப்பதால், அவற்றின் கோபுரங்கள் அடியிலிருக்கும் சிறிய மேட்டை மறைத்துவிடும். அதற்காக மாதிரியை முதலில் சூடேற்றிப் பதப்படுத்திய அலுமினியம் ஆக்சைடு வழியே செலுத்துகிறார்கள். கிளையில்லாத நீண்ட சங்கிலிகள் அதில் பற்றிக்கொண்டு நின்றுவிடும். கிளைவிட்ட கனிம எண்ணெய்ச் சங்கிலிகள் கடந்து போய்விடும். நோனகோசேனை வடிகட்டி எடுத்த பிறகு எஞ்சுவதைத்தான் அவர்கள் அளக்கிறார்கள்.